முனியராஜ் நிறுத்தி வைத்த இடம்

இந்தக் காலத்து ஆளுகளுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. சரி பண்ணியாச்சு. குழாய் ஒழுகினாலும் அதுதான், சம்பந்தம் முறிந்தாலும் அதுதான். எதையோ முடுக்குவான், எதையோ தட்டுவான், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, முன்னே இருந்த மாதிரியே இருக்கு பாருங்க என்பான். முன்னே எப்படி இருந்தது என்று இவனுக்கு என்ன தெரியும்? கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். துஷ்டி வீட்டுக்கு வருகிறவனே அப்படித்தான் வருகிறான். ஒரு கையில் செல்போனைத் தடவிக்கொண்டே மறு கையால் நம் தோளைத் தட்டி, மனசைத் தேத்திக்கோங்க, எல்லாம் சரியாப் போகும் என்கிறான். எது சரியாப் போகும் என்று ஒருத்தனிடம் கேட்டேன். அவன் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

என் மகன் முனியராஜ் சித்திரை வெயிலில் போனான். எம். புதுப்பட்டிக்கு வெளியே இருக்கிற பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கிற மருந்து அறையில். நானும் கை நடுங்க ஆரம்பிக்கிற வரைக்கும் அந்த வேலைதான் பார்த்தேன். வேறு கம்பெனி, வேறு முதலாளி, மருந்து ஒன்றுதான்.

மருந்து அறைக்கு ஒரே சட்டம். கலக்கினதை அன்றைக்கே பட்டாசுக் குழாயில் செலுத்தி முடிக்கணும். மிச்சம் இருந்தால் தண்ணீரில் கொட்டி அழித்துவிட்டுத்தான் வெளியே வரணும். ராத்திரி தங்கின மருந்தில் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் அது தானாகவே சூடாகும், காலையில் தொடுகிறவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காது. எங்கள் ஊரில் இந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் பிள்ளைகளுக்கு அடி விழும். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகையில் இன்னும் நாலு பாக்கி இருந்தால் பெண்டுகள் கை வலித்தாலும் சுற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். கோபத்தில் பாதிப் பேச்சில் எழுந்து போனால்கூட, இருந்து பேசி முடிச்சிட்டுப் போங்க என்று என் வீட்டுக்காரி குருவம்மாள் இழுத்து உட்கார வைப்பாள். அவள் போய் ரொம்பக் காலம் ஆகிறது. இதையெல்லாம் பார்க்காமல் போனாளே, அந்த மட்டுக்கும் நல்லது.

முனியராஜ் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, அழிச்சாச்சா. அழிச்சாச்சுப்பா என்பான். அப்புறம்தான் அவனுக்குத் தண்ணீர்.

வெடித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். சனிக்கிழமை கலக்கினதில் மிச்சம் இருந்தது, முனியராஜ் அழிக்காமல் பூட்டிவிட்டுப் போய்விட்டான், திங்கட்கிழமை அவனே அதைத் தொட்டான், அவ்வளவுதான் என்று கம்பெனி போர்மேன் மொக்கைச்சாமி அதிகாரிகளிடம் சொன்னான். பேப்பரிலும் அப்படியே போட்டார்கள். பக்கத்து அறையில் திரி வைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் என்கிற பெண்ணுக்கு ஒரு கை போய்விட்டது. எங்கள் தெருக்காரிதான்.

நான் நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமையும் நான் கேட்டேன், அவனும் அழிச்சாச்சு என்றான். என் மகன் பொய்யே பேச மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் எல்லாரும் பொய் பேசத்தான் செய்கிறார்கள், அவனும் பேசுவான். இதில் பேச மாட்டான்.

ஆனால் நான் நம்பாவிட்டால் யாருக்கு என்ன? என் மருமகள் கற்பகவல்லி தண்ணிக் குழாய்க்குப் போனால் பொன்னுத்தங்கத்தின் அம்மா அங்கே நிற்பாள். மிச்சம் வச்ச புண்ணியவான் பொண்டாட்டிக்கு வழி விடுங்கம்மா என்பாளாம். இவள் அரைக் குடத்தோடு திரும்பி வருவாள். அந்த அம்மாளையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளைக்குக் கை இல்லை. யாரையாவது பேசித்தானே ஆகணும்.

இனி டிவிக்குக் கீழே இருக்கிற அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

முனியராஜுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஜப்பான்காரன் பொம்மைப் படம். கண்ணு கோழிமுட்டை அளவுக்கு இருக்கும், மூக்கு எங்கே என்று தேடணும். விருதுநகரில் அவனுக்கு அஷ்ஃபாக் என்று ஒரு கூட்டாளி. பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற ஜெய்லானியின் மகன். அவன் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து டிவிக்குக் கீழே வைத்து, சேர்த்து வைத்திருந்த படத்தையெல்லாம் அதில் ஏற்றினான். ரிமோட்டை அழுத்தினால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு மிட்டாய்க் கடை மாதிரி வரிசை வரிசையாகப் படம் வந்து நிற்கும். எது வேணுமோ அதை அமுக்க வேண்டியது.

அதில் ஒரு படம் நீளமான படம். முதுகில் காலிக் கூண்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைகிற ஒரு பய. அவன் குருவி எங்கோ பறந்து போய்விட்டது, அதைத் தேடுகிறான். அது ஒன்று இரண்டு என்று முந்நூறுக்கு மேலே நம்பர் போட்டு ஒரே குவியலாக வந்திருந்தது. பெட்டிக்கு அது ஆகாதாம். சீசன் சீசனாகப் பிரித்துக் கொடுத்தால்தான் ஒழுங்காகக் காட்டுமாம். எங்கள் பக்கம் சீசன் என்றால் தீபாவளிக்கு முந்தின ஓட்டம் ஒன்றுதான். இது என்னடா புதுசு என்று கேட்டேன். கதையை வெட்டுகிற இடம் என்றான். எங்கே வெட்டணும் என்று நெட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறானாம். ஒருத்தன் மூணு சீசன் என்கிறான், இன்னொருத்தன் எட்டு என்கிறான். இவன் எவன் பேச்சையும் கேட்கவில்லை. அந்தப் பய ஒரு ஊரை விட்டு எப்போது கிளம்புகிறானோ அங்கே வெட்டினான். அதற்கு முதலில் பார்க்கணும் இல்லையா? பார்த்து முடித்ததைத்தான் குவியலிலிருந்து எடுத்துப் பிரித்து வைப்பான். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பேர் வேறு போட்டான். மணி ஊர். உப்பு ஊர். காத்து ஊர். மூணு முடித்திருந்தான்.

ஆம்பிளப் பிள்ளை பொம்மைப் படம் பார்க்கியேலே, வெக்கமா இல்லையா என்று ஏசிக்கொண்டே நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவன் சிரித்தால் எதுக்குச் சிரிக்கே என்று கேட்பேன். நிறுத்திவிட்டுச் சொல்லுவான். கூண்டுக்காரப் பய உப்பு ஊரை விட்டுக் கிளம்பின அன்றைக்கு, அங்கே அவனுக்குச் சோறு போட்ட கிழவன் கரையில் நின்றுகொண்டே இருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்றேன். நம்ம வீட்ல கேஸ் அடுப்புப்பா என்றான் முனியராஜ். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் என்னை ஓட்டினான்.

அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் வேலைக்குக் கிளம்பி நின்றுகொண்டு, கம்பெனி வேன் வருகிற வரைக்கும் பார்ப்போம் என்று அதைப் போட்டான். நாலாவது ஊர். கூண்டுக்காரப் பய நாள் முழுக்கப் பட்டினி. ஒரு வீட்டுக்காரி சோற்றை உருண்டை பிடித்துக் கையில் கொடுக்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். தெருமுக்கில் வேன்காரன் ஆரன் அடித்துவிட்டான். முனியராஜ் அதே இடத்தில் நிறுத்தினான்.

"வந்து பாத்துக்கிடுதேன்ப்பா. தொட்டுராதீக" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

தொடவில்லை. பதினாறாம் நாள் கழிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் ஒரு சாயங்காலம் டிவியைப் போட்டேன். பாதியில் நிறுத்தினதை மட்டும் காட்டுகிற முதல் வரிசையில் அது நின்றது. சோற்று உருண்டை கையில் இருக்க, வாயைத் திறந்தபடி அந்தப் பய. படத்துக்குக் கீழே நீலத்தில் மெல்லிசாக ஒரு கோடு. எதுவரைக்கும் பார்த்தது என்பதற்கு அந்தக் கோடாம். பாதிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அதைப் போட்டுப் பார்ப்பேன். ஓட விட மாட்டேன். கோட்டைப் பார்ப்பேன், அணைப்பேன். கற்பகம் அடுக்களையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடி கழிந்ததும் அவளைத் தன்னோடு கூட்டிப் போவதாக அவள் அண்ணன் முத்துப்பாண்டி சொல்லி வைத்திருந்தான். அவளுக்கு ஊர் சாத்தூர். போகட்டும், சின்ன வயசு, இங்கே குழாயடியில் ஏச்சு வாங்கிக்கொண்டு எத்தனை நாள் கிடப்பாள் என்று நானும் சரி என்றுவிட்டேன். ஆவணி பிறந்ததும் முத்துப்பாண்டி வேன் கொண்டு வந்தான். அவள் பெட்டி சட்டியெல்லாம் கட்டி முடித்துக் கிளம்புகிற காலையில், பைக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அஷ்ஃபாக். வரச் சொன்னதே அவள்தானாம்.

டிவியை உங்களுக்கே விட்டுட்டுப் போறேன் மாமா என்றாள். தனியாக இருப்பேனாம், பொழுது போகணுமாம். அந்தக் கூண்டுக்காரன் படத்தைக் கடைசி வரைக்கும் பிரித்து ஒழுங்காக வைத்துவிட்டால் நான் ஒரே பட்டனை அழுத்திப் பார்க்கலாமாம். அஷ்ஃபாக் குட்டிக் கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அந்தப் பயல் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ரொம்பச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

குவியலைத் திறந்து பார்த்தவன் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். பெட்டி ஒவ்வொரு படத்தையும் அது கிடக்கிற இடத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்கிறதாம். இடத்தை மாற்றினால் புதுப் படம் என்று நினைத்துக்கொள்ளுமாம். முனியராஜ் பார்த்து முடித்ததற்கு அதனால் நட்டம் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தினது இன்னும் குவியலுக்குள்தான் கிடக்கிறது. அதை எடுத்துப் பிரித்து வைத்தால் அந்தக் கோடு அழிந்துவிடும்.

"சொல்லாமச் செஞ்சிரக் கூடாதுல்லப்பா, அதான்" என்றான்.

அப்படியானால் செய்ய வேண்டாம் என்றேன். கற்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒன்றை மட்டும் குவியலில் விட்டுவிட்டு மற்றதைப் பிரியேன் என்று அஷ்ஃபாக்கிடம் கேட்டேன். விடலாம், ஆனால் நாலாவது சீசன் ஓட்டை விழுந்து நிற்கும், குவியலும் அழியாமல் கிடக்கும் என்றான். கிடக்கட்டும் என்றேன். யாருக்கு இடைஞ்சல்?

அப்போதுதான் கற்பகம் வாயைத் திறந்தாள்.

"எனக்கு இடைஞ்சல் மாமா. மிச்சம் வச்சவரு, மிச்சம் வச்சவருன்னு ஊரே சொல்லுது. நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். வீட்டுக்குள்ளயும் அவரு பேருல ஒரு மிச்சம் கெடக்கணுமா? தெனமும் நீங்க அதைப் போட்டுப் பாக்கீக. எனக்கு அடுக்களையில நிக்க முடியல. சட்டம் சொன்னதே நீங்கதான. கலக்குனத முடிக்கணும், இல்லன்னா அழிக்கணும். அவரு பிரிக்க ஆரம்பிச்சாரு. முடிச்சு வச்சுட்டுப் போறேன். ஒண்ணையாவது முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனே."

வாசலில் வேன்காரனோடு பேசிக்கொண்டிருந்த முத்துப்பாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். அஷ்ஃபாக் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிச்சம் வேற தாயி" என்றேன். "திரும்பி வந்து எடுத்துக்கிடுவோம்னு வச்சுட்டுப் போறது வேற. தொட்டுராதீகன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனான்."

"வரலையே மாமா" என்றாள்.

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். முனியராஜ் உடம்பு வந்த அன்றைக்கு மூட்டையாகத்தான் வந்தது. அன்றைக்கும் இப்படியேதான் நின்றாள், சத்தம் வராமல். நான் தலையை ஆட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அஷ்ஃபாக்கிடம், செய்ங்கண்ணே என்றாள்.

அவன் முதலில் டிவியைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்தான். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு தட்டத் தொடங்கினான். ரொம்ப நேரம் தட்டினான். கற்பகம் அவனுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். மிச்சம் வைக்காமல் குடித்தான். அதை நான் பார்த்தேன்.

நடுவில் ஒன்று மட்டும் கேட்டேன். நாலாவது ஊரை எங்கே வெட்டுகிறாய்? நெட்டில் போட்டிருக்கிற மாதிரி என்றான். நெட்டுக்காரன் முனியராஜ் மாதிரி அந்தப் பய ஊரை விட்டுக் கிளம்புகிற இடத்தில்தான் வெட்டுகிறானா? தெரியலப்பா, நான் இந்தப் படம் பாத்ததில்ல என்றான். பார்க்காமலே வெட்டுகிறான். இவன் மட்டுமா? மொக்கைச்சாமிகூட வெடிக்கும்போது கம்பெனி கேட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவன்தானே.

முடிந்ததும் கற்பகம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேலே இருந்து கீழே வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். மணி ஊர். உப்பு ஊர். காத்து ஊர். அதற்கு அப்புறம் சீசன் 4, சீசன் 5 என்று வெறும் நம்பராகப் போய்க்கொண்டே இருந்தது. அவன் பார்க்காத ஊருக்கு அவன் எப்படிப் பேர் வைப்பான்? குவியல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. ரிமோட்டை வாங்கி முதல் பக்கத்துக்குப் போனேன். முதல் வரிசையே காணோம். வாயைத் திறந்துகொண்டு நின்ற அந்தப் பயலும் இல்லை, கோடும் இல்லை.

என் முகம் எப்படிப் போச்சோ தெரியாது. அஷ்ஃபாக் எழுந்து வந்து, ஒரு நிமிசம் இருங்கப்பா என்று ரிமோட்டைக் கேட்டு வாங்கினான். சீசன் 4-க்குள் போய் அந்தப் படத்தை எடுத்து ஓட விட்டான். செல்போனில் எடுத்த போட்டோவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் முன்னே தள்ளினான், கொஞ்சம் பின்னே இழுத்தான். வீட்டுக்காரி சோற்றை உருட்டுகிறாள். கொடுக்கிறாள். அந்தப் பய வாங்குகிறான். வாயைத் திறக்கிறான். அங்கே நிறுத்தி வெளியே வந்தான்.

முதல் வரிசை திரும்ப வந்துவிட்டது. அதே பய, அதே சோற்று உருண்டை, கீழே நீலக் கோடு. செல்போனைக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். மயிரிழை மாறவில்லை.

"முன்ன இருந்த மாதிரியே இருக்குப்பா" என்றான். சொல்லிவிட்டும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனும் முனியராஜுக்குக் கூட்டாளிதானே, அதை நான் மறுக்கவில்லை.

கற்பகம் முகத்தைத் துடைத்தாள். கோடும் இருக்கு, குவியலும் போயிருச்சு, இருக்குல்ல மாமா என்று என் முகத்தையே பார்த்தாள். ஆமா என்று ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றாள். எனக்குத் தெரிந்தது. முத்துப்பாண்டி வாசலில் இருந்தபடியே, அதான் சரி பண்ணியாச்சுல்ல, வெயிலுக்கு முன்னாடி கிளம்பலாம் என்றான்.

நான் கோட்டைப் பார்த்தேன். அதே இடம்தான். கண் இருக்கிற எவனும் அதே இடம் என்றுதான் சொல்லுவான். ஆனால் முனியராஜ் வேன் ஆரன் கேட்டு, ஒரு கால் செருப்புக்குள்ளே இருக்க, வந்து பாத்துக்கிடுதேன் என்று நிறுத்தினான். இவன் எங்கேயும் போகவில்லை, வந்து பார்க்கப் போவதும் இல்லை. போட்டோவைப் பார்த்து நிறுத்தினான்.

"இது நீ வச்ச கோடுலே" என்றேன். "அவன் வச்சது இல்ல."

அவன் ஏதோ சொல்ல வந்தான். கற்பகம் கையைக் காட்டி அவனைத் தடுத்தாள். அவள் தலையில் கையை வைத்து, நல்லா இரு தாயி, போனதும் போன் பண்ணு என்று சொன்னேன். ஆமா என்று மட்டும் வரவில்லை. அவளுக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

ரிமோட்டை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் பொன்னுத்தங்கம் வீட்டைத் தாண்டும்போது அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னுத்தங்கம் திருப்பவில்லை. நான் நிற்காமல் தெருமுக்குக்குப் போனேன், அந்தத் திங்கட்கிழமை வேன்காரன் ஆரன் அடித்த இடத்துக்கு. பின்னால் வாசலுக்கு வந்து நின்று கற்பகம் மாமா, மாமா என்று கூப்பிடுவது கேட்டது. அஷ்ஃபாக், அதே எடந்தான்ம்மா, நான் செக் பண்ணித்தான் வச்சேன் என்று அவளிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

செக் பண்ணியிருப்பான். சனிக்கிழமை முனியராஜ் பூட்டுமுன் மருந்து அறையையும் கம்பெனியில் யாரோ செக் பண்ணினார்களாம். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.